கடல் தாண்டுமுன் கணவனும் மனைவியும் பேச வேண்டியவை

(கிராமத் தம்பதிகள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



சுகாதாரத் துறைக்காரர் வந்தால் கருத்தடையைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் உண்டு, கடைசியில் வருகிறேன். இன்றைக்கு முதலில் பேசப் போவது வளைகுடா நாட்டுப் பயணத்தைப் பற்றி. இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது துபாயில் ஒருவர், சவுதியில் ஒருவர், குவைத்தில் ஒருவர் என்று இருக்கிறார்கள். புறப்படத் தயாராக இருப்பவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் விமானம் ஏறினால் போவது ஒருவர்தான். ஆனால் பயணம் இரண்டு பேருக்கும்தான்.

ஒரு தம்பதியின் கதையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். "எங்க கதையைச் சொல்லுங்க சார், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் இதுபோல ஒரு கூட்டம். முடிந்ததும் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், அவர் இன்னும் பன்னிரண்டு நாளில் வெளிநாடு போறாரு. எனக்கு ரெண்டு மாசமா குளிக்கலை. சொன்னா பயணம் தட்டிப்போயிடும்னு சொல்லலை. நீங்க சொல்றீங்களா?" என்றாள். "நான் சொல்வது முறையில்லை தங்கச்சி. நீயே சொல்லு. வேண்டுமானால் நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன்.

மறுநாள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். அவள் சொன்னாள். அவன் சந்தோஷப்படவா, கவலைப்படவா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் ஏழெட்டு தடவை இருமினான். "எத்தனை நாளாய் இருமல் தம்பி?" என்று கேட்டேன். "மூணு வாரமிருக்கும் சார். தூசி" என்றான். மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ராத்திரியில் வேர்ப்பதையும், உடம்பு இளைப்பதையும் அவனும் அவளிடம் மறைத்திருந்தான். சொன்னால் பயணம் தட்டிப்போகும் என்ற அதே பயம்.

பார்த்தீர்களா? ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து, இருவரும் மறைத்திருக்கிறார்கள். அவர்கள் கதை என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எந்த விசா என்று கேளுங்கள்

தாய்மார்களே, கணவர் "விசா வந்துடுச்சு" என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். உடனே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "எந்த விசா?"

வேலை பார்க்கப் போகிறவருக்கு வேலை விசா வேண்டும். சில ஏஜெண்டுகள் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ அனுப்பிவிட்டு, "அங்கே போய் மாத்திக்கலாம்" என்பார்கள். நான் சொன்ன தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். "மெடிக்கல் கூடத் தேவையில்லை" என்று கேட்டு அவன் மகிழ்ந்திருந்தான். அந்த விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது. அடிபட்டால் நஷ்டஈடு கிடையாது. பிடிபட்டால் அபராதம், சிறை, திருப்பி அனுப்புதல்.

பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் 'இ.சி.ஆர்.' என்று குறித்திருப்பார்கள். அப்படிக் குறித்திருந்தால், சவுதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருடத்துச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. படிப்புக் குறைந்தவர்களைத் தடுப்பதற்காக வந்ததில்லை. அவர்களை ஏமாற்றுவது சுலபம் என்பதால் போட்ட வேலி. அனுமதி இப்போது 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளம் வழியாக நடக்கிறது. உங்கள் ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். செல்போன் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

உரிமம் பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கேட்டால் அந்தப் படியிலிருந்து இறங்கிவிடுங்கள். கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போக வேண்டும். 1978-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. ஆண்களுக்கும் அங்கே ஆள் எடுக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், சாப்பாடு, வைத்தியம், விடுமுறை, திரும்பும் டிக்கெட் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் நகல் ஒரு கட்டு கணவர் பெட்டியில், ஒரு கட்டு மனைவி பீரோவில். முதலாளியின் பெயர், விலாசம், போன் நம்பரை மனைவி தன் கையால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. பழக்கமே தவிர, சட்டம் இல்லை. அமீரகம், சவுதி, கத்தார் நாடுகளின் சட்டமே அதைத் தடுக்கிறது.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இ.சி.ஆர். தொழிலாளிகளுக்குக் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போனவருக்கு இது கிடையாது. வாரிசு இடத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று மனைவி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பது அபசகுனம் என்று நினைக்காதீர்கள். குடை எடுத்துக்கொண்டு போனால் மழை வந்துவிடுமா?

2. மெடிக்கல் பரிசோதனைக்கு முன்னால்

வளைகுடா நாடுகளுக்கு வேலை விசா வேண்டுமென்றால் அவர்கள் அங்கீகரித்த மையத்தில் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேகநோய் எல்லாம் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பம் பார்ப்பார்கள். அங்கே போய் இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு தடவை பார்ப்பார்கள். இங்கே யாரையோ பிடித்துச் சமாளித்தாலும் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் கடனோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆகையால் ஏஜெண்டிடம் ஒரு ரூபாய் கொடுக்குமுன் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். சளிப் பரிசோதனை இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம். முடிவை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, உடல் இளைப்பு இருந்தால் அது தூசி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காசநோய்க்கு ஆறு மாத மருந்து, முழுவதும் இலவசம், முழுவதும் குணமாகும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குணமான பிறகும் நெஞ்சில் தழும்பு இருந்தால் வளைகுடா மெடிக்கலில் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். அது வருத்தமான விஷயம்தான். ஆனால் மருந்து சாப்பிடாமல் மறைத்தால் நோய் உங்களோடு நிற்காது. பக்கத்தில் படுக்கும் மனைவிக்கும், மடியில் ஏறும் குழந்தைக்கும் போகும்.

ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல நாடுகளில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. காமாலை வேறு, இது கொசுவால் வரும் வேறு நோய். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2016 ஜூலையிலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். மலேரியாவுக்கு மாத்திரை வேண்டுமா என்றும் டாக்டரைக் கேளுங்கள்.

3. பெட்டி கட்டும்போது

பெட்டி கட்டுவது நம் வீட்டில் யார்? மனைவியும் அம்மாவும்தான். ஆகையால் இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கசகசா வைக்காதீர்கள். குருமாவுக்கு இரண்டு கரண்டி கசகசா நமக்குச் சாதாரணம். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைச் செடியின் விதை, தடை செய்யப்பட்ட பொருள். அரைத்து வைத்த மசாலாப் பொடியில் கூடச் சேர்க்கக் கூடாது. பான், குட்கா, ஹான்ஸ் எதுவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளும் அங்கே வம்பு. டிரமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, ஆல்பிரசோலம், டையஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள். இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே அந்த நாட்டு அனுமதி வாங்க வேண்டும். மற்ற மருந்துகளையும் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு, மாத்திரை அட்டையைக் கிழிக்காமல், கடை ரசீதோடு எடுத்துப் போங்கள். காகிதத்தில் மடித்த மாத்திரை கொண்டு போகாதீர்கள்.

பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் மெடிக்கல் முடியட்டும் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த வெயிலில் மாத்திரையும் இல்லாமல் வேலை செய்தால் பக்கவாதத்துக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் வந்து, "அண்ணே, எங்க தம்பிக்கு ஊறுகாய் பாட்டில், கொஞ்சம் கொண்டு போங்க" என்றால் மறுத்துவிடுங்கள். தெரிந்தவர் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, உங்கள் கையால் கட்டி எடுத்துப் போங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். போதைப் பொருள் வழக்கில் சிக்கினால், "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எடுபடாது.

4. வெயில்

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வேலை செய்தவன்தானே என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலை 21-ந் தேதி குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. ஆகையால்தான் கோடையில் நடுப்பகல் திறந்தவெளி வேலையை அந்த நாடுகளே தடை செய்திருக்கின்றன. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை. சவுதியில் அதே மாதங்களில் 12 முதல் 3 வரை. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காலை 11 முதல் மாலை 4 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. இது மேஸ்திரி போடும் சலுகை இல்லை. உங்களுக்குச் சட்டம் கொடுத்த ஓய்வு.

புதிதாகப் போகிறவர் உடம்பு அந்த வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே வேகம் காட்டி நல்ல பெயர் வாங்க நினைக்காதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். குளிர்பானமும் 'எனர்ஜி' பானமும் தண்ணீருக்கு ஈடாகாது. சிறுநீர் இளம் மஞ்சளாக இருந்தால் போதிய தண்ணீர் குடித்திருக்கிறீர்கள். கட்டித் தேநீர் நிறத்தில் போனால் சிறுநீரகம் உங்களைக் கூப்பிட்டு எச்சரிக்கிறது என்று அர்த்தம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போய் உட்காருங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும்.

கூட வேலை செய்கிறவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால், மயங்கி விழுந்தால் அது வெயில் அதிர்ச்சி. உயிர் போகும் ஆபத்து. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆம்புலன்ஸ் நம்பர்: அமீரகம் 998, சவுதி 997, குவைத் 112, கத்தார் 999, பஹ்ரைன் 999, ஓமன் 9999. போகும் நாட்டு நம்பரை இன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

5. தங்குமிடமும் பழக்கங்களும்

2024 ஜூன் 12-ந் தேதி விடியற்காலையில் குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அதில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நெருப்பை விடப் புகைதான் பலரைக் கொன்றது. அறைக்குப் போன முதல் நாளே வெளியே போக எத்தனை வழி, மாடிக் கதவு திறக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல், ஈரத்துணியை மூக்கில் வைத்துத் தவழ்ந்து வெளியேறுங்கள். படிக்கட்டில் சிலிண்டரும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருந்தால் நாலு பேராகச் சேர்ந்து சொல்லி எடுக்கச் செய்யுங்கள்.

சாராயம். குவைத்திலும் சவுதியிலும் நம் தொழிலாளிகளுக்கு மதுவிலக்குதான். அதனால் திருட்டுச் சரக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 23 பேர் இறந்தார்கள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2024-ல் நம் கள்ளக்குறிச்சியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே விஷம்தான். உயிர் தப்பினாலும் கண் போய்விடும்.

6. வீட்டில் இருக்கும் மனைவிக்கு

கணவர் போன பிறகு மனைவிதான் வீட்டுக்கு ஆண், பெண் இரண்டும். ஆனால் வங்கிக் கணக்கு யார் பெயரில்? பல வீட்டில் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் நூறு ரூபாய்க்கு மூன்று பேரிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. புறப்படுமுன் இருவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, முதலில் எதை அடைப்பது என்பதை ஒரே தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் உடனே பதிவு செய்யுங்கள். பிரசவ வலி வரும் ராத்திரி யார் கூட வருவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். 108 உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். ஆனால் கூட வர ஒரு மனிதர் வேண்டுமே. வீட்டுப் பெரியவர்களுக்குப் பிரஷர், சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. பதிவு செய்துவிட்டால் உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம்.

மனசு சரியில்லாமல் போனால் அதையும் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற நம்பருக்குப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், இலவசம். தினம் போனில் பேசும்போது பணக் கணக்கை வாரத்தில் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பிள்ளை என்ன பேசிற்று, மாடு கன்று போட்டதா என்று பேசுங்கள். அங்கே எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடப்பவருக்கு அதுதான் மருந்து.

7. விடுமுறையும் குடும்ப நலமும்

இப்போது நான் சொன்ன கடைசி விஷயம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள், அறுபது நாள் விடுமுறை. அந்த நாளில் குழந்தை வேண்டுமா, வேண்டாமா என்பதை டிக்கெட் போடும்போதே இருவரும் பேசுங்கள். மாமியார் முடிவு செய்ய வேண்டியது இல்லை.

இப்போதைக்கு வேண்டாம் என்றால்: நிரோத் எப்போதும் கையில் இருக்கட்டும். மாலா-என் மாத்திரை என்றால் அவர் வருமுன்னே, மாதவிலக்கு வந்த ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். அவர் வந்து இறங்கிய அன்று தொடங்கினால் உடனே பலன் கிடைக்காது. காப்பர்-டி பத்து வருடம் வரை பயன்படும் வகை உண்டு. அவர் இல்லாத காலத்திலும் உள்ளேயே இருக்கலாம், எடுத்தால் சீக்கிரம் கர்ப்பம் தரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் இதை நன்றாகக் கேளுங்கள். அந்த ஊசியை நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க ஏழு முதல் பத்து மாதம் கூட ஆகலாம். அடுத்த விடுமுறையில் குழந்தை வேண்டும் என்பவர்கள் அதைக் கணக்குப் பண்ணி முன்கூட்டியே நிறுத்த வேண்டும். இது தெரியாமல் ஒரு விடுமுறை வீணாகி, "உனக்குத்தான் குறை" என்று பழி கேட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கூச்சப்படாமல் சொல்கிறேன். நீண்ட பிரிவில் மனிதன் தவறலாம். தவறாமலும் சலூன் பிளேடு, பச்சை குத்துதல், சரியில்லாத ஊசி இவற்றால் காமாலைக் கிருமி வரலாம். ஆகவே விடுமுறைக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து நம்பிக்கை மையம் போய் இரத்தம் கொடுங்கள். முடிவு வரும் வரை நிரோத் பயன்படுத்துங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் ஏதாவது தவறு நடந்திருந்தால் ஒரு பரிசோதனை போதாது. மறுபடியும் பார்க்க வேண்டும். "என்னைச் சந்தேகப்படறியா?" என்று கேட்காதீர்கள். கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து அக்கினியைச் சுற்றவில்லையா? அதுபோல இதையும் சேர்ந்து செய்யுங்கள்.

8. சிக்கல் வந்தால்

சம்பளம் வரவில்லை, அடிக்கிறார்கள், போன் எடுக்கவில்லை என்றால் மனைவி அழுதுகொண்டு உட்கார வேண்டாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793 என்ற இலவச நம்பர் இருக்கிறது. மத்திய அரசின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கணவர் அங்கே இந்தியத் தூதரகத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நம்பரும் முதலாளி விலாசமும்தான். மனைவி பீரோவில் ஒரு கட்டு நகல் என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

முடிக்குமுன்

அந்தத் தம்பதியின் கதையைச் சொல்கிறேன் என்றேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. அவளுக்குக் கர்ப்பம் உறுதியானது. அன்றைக்கு அவன் என்னைப் பார்த்து, "சார், நீங்க என் பொழப்பைக் கெடுத்துட்டீங்க" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டிய பணத்தில் பாதிதான், அதுவும் போலீஸில் எழுதிக் கொடுத்த பிறகு, ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மருந்து சாப்பிட்டான். அவள்தான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் பரிசோதனை செய்தோம், நோய் தொற்றவில்லை. பெண் குழந்தை பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

வளைகுடா அவனுக்கு வாய்க்கவில்லை. நெஞ்சில் தழும்பு இருக்கிறது. வாடகைக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. "அந்தக் கோபம் இன்னும் முழுசாப் போகலை சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ஆனால் அவன் தெருவில் யார் பாஸ்போர்ட் எடுத்தாலும், முதலில் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுவந்து இறக்குகிறவன் அவன்தான். "ரெண்டு பேரும் வாங்க" என்று மனைவியையும் சேர்த்தே கூட்டி வருகிறான்.

எல்லாருக்கும் பயணம் தட்டிப்போகும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. சரியான விசாவில், சரியான உடம்போடு போய், வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். போகிறவர்கள் போங்கள். போகுமுன் ஒரு ராத்திரி, விளக்கை அணைக்குமுன், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உடம்பில் உள்ளதையும் மனசில் உள்ளதையும் மறைக்காமல் பேசுங்கள். மறுநாள் காலையில் எங்களிடம் வாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், நெரிசலாக இருக்கும். மற்ற நாளில் வந்தால் நிதானமாகப் பேசலாம்.

போய் நலமாகத் திரும்பி வாருங்கள். வணக்கம்.